கடல் கடந்து வரும் கேள்விக்கு ஓர் உசாத்துணை

'கிராந்த் அல்தே என்ற ஊர் எங்கே இருக்கிறது?'

கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். அவர் கையில் பழைய பதிவேடு ஒன்றின் நகல். அதில் அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் பெயர். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் கிராந்த் அல்தே. பக்கத்தில், காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய விதத்தில், 'கரிகால்'.

1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை அந்தத் தீவில் இறக்கியது. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். பலர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள். அவர்களுடைய பேரன் பேத்திகளின் பிள்ளைகள் இன்று ஊரைத் தேடுகிறார்கள். ஆனால் இன்றைய வரைபடத்தில் கிராந்த் அல்தே என்று ஓர் ஊர் கிடையாது.

காரைக்காலின் பழைய தாள்களோடு பழகியவருக்கு இது ஒரு நிமிடத்து வேலை. திருமலைராயன்பட்டினத்தைத்தான் பிரெஞ்சு அரசு அப்படி எழுதியது. 'அல்தே' என்பது கிராமத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய ஊர் என்று பொருள் கொள்ளலாம். காளமேகப் புலவரோடு பெயர் பிணைந்த அந்த ஊரை இங்கே பஸ்ஸில் டிக்கெட் கேட்பவர் 'டி.ஆர்.பட்டினம்' என்பார். ஒரே ஊருக்கு மூன்று பெயர். திருநள்ளாறு அந்தத் தாள்களில் 'திர்னுலார்' ஆகியிருக்கும். கோட்டுச்சேரியும் நெடுங்காடும் நிரவியும் அப்படியே உருமாறிக் கிடக்கும்.

பதில் ஒரே ஒரு வரி. அந்த வரியைச் சொல்லக்கூடியவர் காரைக்காலிலோ புதுச்சேரியிலோ இருக்கிறார். கேட்பவர் பூமியின் மறுபக்கத்தில், நம் கடிகாரத்துக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறார். இந்த இருவரையும் சந்திக்க வைப்பது எப்படி என்ற கேள்வியோடு நூலகத் துறை நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கு நிற்கிறது. இணையவழி உரையாடல், மின்னஞ்சல், குறுஞ்செய்தி வழியாக நூலகர் தரும் தகவல் உதவி அந்த முயற்சியின் பெயர்.

இந்த வேலைக்கு ஈழத்து நூலகங்கள் 'உசாத்துணை' என்ற சொல்லை வைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் 'குறிப்புதவி' என்கிறோம், பேச்சில் 'ரெஃபரென்ஸ்'. எனக்கு ஈழத்துச் சொல்தான் பிடிக்கும். உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். பழந்தமிழில் உசாத்துணை என்பவர் மனத்தில் இருப்பதைக் கொட்டிக் கலந்து பேசத் துணையாக இருப்பவர். பதிலைத் தட்டில் வைத்துக் கொடுப்பவர் அல்லர், கேட்பவரோடு சேர்ந்து கேள்வியையே தேடுபவர். இந்தத் தொழிலின் உயிர் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு இந்தியாவில் இலக்கணம் எழுதியவர் காரைக்காலுக்கு மிக அருகில் பிறந்தவர். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.அரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931-இல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்தது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காவது விதி. அதே 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் ஓட்டினார். வாசகர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் வாசகரிடம் போக வேண்டும் என்ற எண்ணம் இந்த டெல்டா மண்ணில் வண்டிச் சக்கரத்தோடு உருளத் தொடங்கிவிட்டது. கணினித் திரையில் மூலையில் திறக்கும் உரையாடல் பெட்டியை நான் அந்த மாட்டுவண்டியின் வழித்தோன்றலாகத்தான் பார்க்கிறேன்.

1940-இல் நூலகத் தகவல் உதவியைப் பற்றித் தனி நூலே எழுதினார் அரங்கநாதன். உதவியை இரண்டாகப் பிரித்தார். கையோடு எடுத்துக் கொடுக்கக்கூடியது ஒன்று, நாள்கணக்கில் தோண்ட வேண்டியது மற்றொன்று. காரைக்கால் அம்மையார் பாடல்களுக்குப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு உண்டா என்று யாராவது கேட்டால் அது முதல் வகை. உண்டு, காரவேலன் என்ற பெயரில் எழுதியவர் செய்தது, 1956-இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது. முடிந்தது. என் முன்னோர் காரைக்காலில் எந்தத் தெருவிலிருந்து கப்பலேறினார் என்பது இரண்டாம் வகை. உரையாடல் பெட்டி முதல் வகைக்குத்தான் பிறந்தது. இரண்டாம் வகையை அது எப்படிச் சமாளிக்கிறது என்பதில்தான் சுவை இருக்கிறது.

முதலில் ஓர் எளிய உரையாடலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இது நான் கற்பனையாக எழுதுவது, ஆனால் இந்த வேலையில் இருப்பவர்கள் தினமும் பார்ப்பது.

'சார், நெல் பத்தி புக் இருக்கா?'

'நிறைய இருக்குப்பா. படிப்புக்கா, வயலுக்கா?'

'வயலுக்கு. அப்பா கேக்கச் சொன்னாங்க.'

'எந்த ஊர்?'

'டி.ஆர்.பட்டினம் பக்கம் சார். போர் தண்ணி உப்புக் கரிக்குது. நாத்து நுனி கருகிப் போவுது.'

'மண்ணு சோதனைக்குக் குடுத்தீங்களா?'

'இல்ல சார். அது எங்க குடுக்கணும்?'

ஏழே வரி. 'நெல் பற்றிய புத்தகம்' எங்கே போய் நிற்கிறது பாருங்கள். அந்தப் பையனுக்கு வேண்டியது புத்தகமே இல்லை. மண்ணையும் தண்ணீரையும் சோதிக்கும் இடம் முதலில் வேண்டும். அதன் பிறகு, உவர் தாங்கும் நெல் ரகங்களைப் பற்றிய குறிப்பு வேண்டும். திருச்சியில் உருவாக்கிய டி.ஆர்.ஒய். 1, டி.ஆர்.ஒய். 3 போன்றவை அந்த வகை. நூலகர் வேளாண் அதிகாரி இல்லை, ரகத்தைப் பரிந்துரைப்பது அவர் வேலையும் இல்லை. செருமாவிலங்கையில் 1987 முதல் இருக்கும் வேளாண் கல்லூரிக்கும் காரைக்கால் வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் வழி சொல்லிவிட்டு, ரகங்களைப் பற்றிய பக்கத்தின் இணைப்பை அனுப்புவார். 'நிறைய இருக்குப்பா' என்பதோடு நிறுத்தி ஒரு பட்டியலை அனுப்பியிருந்தால் பதில் சரியாகவும் உதவி பூஜ்யமாகவும் இருந்திருக்கும்.

ஏன் இப்படி நடக்கிறது? அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் டெய்லர் 1968-இல் இதை விளக்கினார். கேள்வி நான்கு படிகளில் இறங்கி வருகிறது என்றார். மனத்தின் அடியில் சொல்லாக வராத ஒரு குறுகுறுப்பு முதல் படி. அதைக் குழப்பமாகத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பது இரண்டாவது. தெளிவாக வாக்கியமாக்குவது மூன்றாவது. நான்காவதில்தான் சிக்கல். இந்த நூலகத்தில் இதெல்லாம் கிடைக்குமா, எப்படிக் கேட்டால் புரியும் என்று கேட்பவரே ஊகித்து, தன் தேவையை வெட்டிச் சுருக்கிக் கேட்கிறார். நாற்று கருகும் கவலை 'நெல் புக்' ஆகிவிடுகிறது. நூலகர் செய்வது, அந்தப் படிகளில் வாசகரைக் கைப்பிடித்துப் பின்னோக்கி ஏற்றிக்கொண்டு போவது.

நேரில் இதற்கு முகம் உதவும். பையனின் தயக்கம் தெரியும், கையில் மடித்து வைத்திருக்கும் காகிதம் தெரியும். திரையில் அதெல்லாம் போய்விடுகிறது. நேரில் நூலகர் இரண்டு நிமிடம் அலமாரிப் பக்கம் திரும்பினால் யாரும் தவறாக நினைப்பதில்லை. உரையாடல் பெட்டியில் இரண்டு நிமிட மௌனம் ஆளை விரட்டிவிடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் பதிலைத் துண்டு துண்டாக அனுப்புகிறார்கள், 'தேடிக்கொண்டிருக்கிறேன், போய்விடாதீர்கள்' என்று நடுவே ஒரு வரி போடுகிறார்கள்.

திரைக்கு வேறொரு நன்மை உண்டு. கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்கக் கூசும் கேள்விகள் இருக்கின்றன. நோயைப் பற்றி, கடனைப் பற்றி, வீட்டில் படும் துன்பத்தைப் பற்றி. முகம் தெரியாத இடத்தில் அவை வெளியே வருகின்றன. உரையாடல் முழுவதும் எழுத்தாகப் பதிவாகிவிடுவதால், அதிலிருந்து பெயரையும் எண்ணையும் நீக்கிவிட வேண்டிய கடமையும் நூலகத்துக்கு வந்து சேர்கிறது. வாசகர் என்ன கேட்டார் என்பது நூலகரிடம் ஒப்படைக்கப்பட்ட ரகசியம்.

நேரில் கேட்டால் எப்போதும் சரியான பதில் வரும் என்றும் நினைக்க வேண்டாம். 1980-களில் அமெரிக்காவில் வாசகர்களைப் போல ஆட்களை அனுப்பிச் சோதித்தார்கள். ஹெர்னான், மெக்ளூர் என்ற இருவர் 1986-இல் எழுதியபடி, சரியான பதில் கிடைத்தது ஏறக்குறைய 55 விழுக்காடு கேள்விகளுக்குத்தான். அதே காலத்தில் மேரிலாந்து மாநிலத்தில் நடந்த ஆய்வு மருந்தையும் காட்டியது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'நீங்கள் தேடியது முழுமையாகக் கிடைத்ததா?' இந்த ஒரு பழக்கம் நூலகரின் வெற்றியைக் கணிசமாக உயர்த்தியது. வேறெந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

தொலைவிலிருந்து பதில் சொல்லும் முயற்சி மேரிலாந்திலேயே, பல்கலைக்கழக மருத்துவ நூலகத்தில், 1984-இல் மின்னஞ்சலோடு தொடங்கியது. 1995-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு வகுப்பு மாணவர்கள் சேர்ந்து கட்டடமே இல்லாத 'இணையப் பொது நூலகம்' ஒன்றைத் திறந்தார்கள். வியப்பான கட்டம் 2000-இல் வந்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பல நாட்டு நூலகங்களை ஒரே வலையில் கோத்தது. அந்த வலையில் போன முதல் கேள்வி லண்டன் வாசகருடையது, பழைய பைசாந்தியப் பேரரசின் சமையலைப் பற்றியது. அது கலிஃபோர்னியாவில் சாந்தா மோனிக்கா ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய், சில மணி நேரத்தில் பதிலோடு திரும்பியது.

லண்டன் கேள்வி ஏன் கலிஃபோர்னியாவுக்குப் போனது? அங்கேதான் இதன் இயக்கம் இருந்தது. வலையில் சேர்ந்த ஒவ்வொரு நூலகமும் தன்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித் தந்தது. எந்தத் துறையில் பலம், எந்த மொழி தெரியும், எந்த நேரத்தில் ஆள் இருக்கும். கேள்வி வந்ததும் ஒரு நிரல் அந்தக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் பொருத்தமான இடத்துக்கு அனுப்பியது. வந்த பதில் சேமிப்பில் சேர்ந்தது, அடுத்தவர் அதே கேள்வியைக் கேட்டால் மறுபடி தோண்ட வேண்டியிருக்கவில்லை. 2002-இல் இது 'குவெஸ்சன்பாயின்ட்' என்ற சேவையாக வளர்ந்தது. ஒரு நாட்டில் விளக்கணைத்துப் படுக்கப் போகும் நேரத்தில் இன்னொரு நாட்டின் நூலகர் நாற்காலியில் உட்கார்ந்தார். சூரியனின் பின்னாலேயே கேள்விகள் நகர்ந்தன.

பிரெஞ்சு உலகமும் பின்தங்கவில்லை. லியோன் நகராட்சி நூலகம் 2004-இல் தொடங்கிய 'அறிவுச் சாளரம்' யார் எந்தக் கேள்வி கேட்டாலும் 72 மணி நேரத்தில் பதில் தருவதாக உறுதி சொன்னது. பிரான்சின் தேசிய நூலகம் தன் சேவைக்கு 'சிந்துபாத்' என்று பெயர் வைத்தது. துறைமுக ஊர்க்காரனான எனக்கு அந்தப் பெயர் மனத்துக்கு நெருக்கம்.

இதையெல்லாம் ஏதோ அயல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்க வேண்டியதில்லை. நம் புதுச்சேரி ஒன்றியத்திலேயே 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் மைய அலுவலகம், ஊர்களுக்குக் கம்பியில்லா இணைப்பு. வீராம்பட்டினம் மீனவர்களின் கேள்வி எளியது: நாளைக்கு அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழாக்கி, ஊர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கணினி தொடத் தெரியாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், எல்லாரும் கரையில் நின்றபடியே பதில் பெற்றார்கள். நூலகம் என்ற பலகை அங்கே தொங்கவில்லை, ஆனால் அது அப்பழுக்கற்ற உசாத்துணை.

2004 டிசம்பர் 26 காலையில் அந்த ஒலிபெருக்கியின் மதிப்பு தெரிந்தது. நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். சுனாமிச் செய்தியைக் கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் கூவினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, ஊர் மக்கள் பிழைத்தார்கள். அதே காலையில் காரைக்கால் கரையோரத்துக்கு அப்படி ஒரு குரல் வரவில்லை. புதுச்சேரி ஒன்றியத்தில் அன்று இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் காரைக்கால் பகுதியினர். சரியான தகவல் சரியான காதுக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர்வது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது.

இப்போது எந்திரமே பதில் எழுதுகிறது. கேட்டவுடன், எந்த நேரத்திலும், நல்ல தமிழிலும்கூட. அதன் உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இல்லாத கட்டுரைக்குத் தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் அழகாகப் புனைந்து கொடுத்துவிடுகிறது, அந்தத் தாளோடு வாசகர்கள் நூலகத்துக்கு வந்து நிற்கிறார்கள். அதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 'நெல் புக் இருக்கா' என்றால் அது பெரும்பாலும் நெல் புத்தகங்களை அடுக்கிவிடும். 'படிப்புக்கா, வயலுக்கா' என்று திருப்பிக் கேட்பது உசாத்துணையின் குணம்.

குவாதலூப்காரரிடம் திரும்பி வருவோம். அவருக்கு 'திருமலைராயன்பட்டினம்' என்று பதில் போட்டுவிட்டால் போதுமா? நல்ல நூலகர் அங்கே நிறுத்த மாட்டார். தாளில் கப்பலின் பெயர் இருக்கிறதா என்று கேட்பார். தொழிலாளருக்குக் கொடுத்த பதிவு எண் இருக்கிறதா, எந்த ஆண்டு என்று கேட்பார். 'கரிகால்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது பிறந்த ஊரா, கப்பலேறிய துறைமுகமா என்று சந்தேகப்படுவார். தஞ்சை, திருச்சிப் பக்கத்து ஊர்களிலிருந்து நடந்து வந்து காரைக்காலில் கப்பலேறியவர்களும் உண்டு. பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முத்துசாமி என்று ஒருவர் போனார் என்றால் அந்த ஒற்றைப் பெயரே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் அங்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. இன்றைய வாரிசு 'முத்துசாமி குடும்பம்' என்று காரைக்காலில் தேடினால் கிடைக்காது, அப்படி ஒரு குடும்பமே இருந்ததில்லை. இதை யாராவது சொன்னால்தான் பல ஆண்டுத் தேடல் சரியான பாதைக்குத் திரும்பும்.

அடுத்த படிக்குக் காரைக்காலிலேயே ஆவணம் இருக்கும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு சேர்ந்த ஊர் இது. 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோது நாகூருக்குப் பொருந்தியது, அடுத்த ஊரான நமக்குப் பொருந்தவில்லை. இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் தெற்குப் பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழையவற்றை எண்மமாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கால அரசு இதழ்களும் ஆண்டுக் குறிப்பேடுகளும் பிரான்சின் தேசிய நூலகத்து 'காலிகா' தளத்தில் கிடைக்கின்றன. ஒன்றியத்தின் தலைநகரோ கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்களைத் தாண்டி சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சொந்த ஊரின் கதையைப் படிக்கவே காரைக்கால்காரருக்குத் தொலைவழி உதவி வேண்டியிருக்கிறது.

படிப்பதற்கான பண்டங்களின் பஞ்சம் தீர்ந்துகொண்டு வருகிறது. 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிட்டன. காரைக்காலில் திருவேட்டக்குடியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்து மாணவருக்கும் அதில் பங்கு உண்டு. பதின்மூன்றாயிரம் இதழ்களுக்கு நடுவே நிற்கும் முதலாண்டு மாணவிக்கு இன்னும் ஓர் இதழ் தேவையில்லை. 'அக்கா, இதை எங்கே தேடுவது' என்று கேட்க ஒருவர் தேவை.

அதற்குச் செலவு பெரிதில்லை. காரைக்காலின் கல்லூரி நூலகங்களும் பொது நூலகமும் சேர்ந்து ஒரே எண்ணில், ஒரே உரையாடல் பெட்டியில் உட்காரலாம். வேளாண்மைக் கேள்வி செருமாவிலங்கைக்குப் போகட்டும், தொழில்நுட்பக் கேள்வி திருவேட்டக்குடிக்குப் போகட்டும், பிரெஞ்சுத் தாள் புதுச்சேரிக்குப் போகட்டும். தமிழில் கேட்டால் தமிழிலும், பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சிலும் பதில் சொல்ல ஆள் வேண்டும். கடைசியில் 'கிடைத்ததா' என்று கேட்கத் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். அரங்கநாதன் பிறந்தநாளான ஆகஸ்ட் 12-ஐ நாடு நூலகர் தினமாகக் கொண்டாடுகிறது. அவர் பிறந்த ஊருக்கு இத்தனை அருகில் இருக்கும் காரைக்கால், வரும் ஆகஸ்ட் 12 அன்று அந்தப் பெட்டியைத் திறக்கட்டும்.